இருபத்தேழு வரைக்கும்

போன மாதம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பழைய பினாங்கைப் பற்றிய பேச்சு. பேசியவர் நன்றாகவே பேசினார், படங்கள் எல்லாம் போட்டுக் காட்டினார். 1941 டிசம்பர் 11, ஜப்பான் விமானங்கள் அந்த ஊர்மேல் குண்டு போட்ட நாள் வந்தபோது திரையில் புகை மண்டிய ஒரு தெரு. "பாவம், விவரம் தெரியாத சனங்க. பிளேன் வருதுன்னு கடையை விட்டு வீட்டை விட்டு வந்து நடுரோட்டுல நின்னு வேடிக்கை பார்த்தாங்க. தலையில போட்டான்" என்றார். சொன்ன விதத்தில் ஒரு தாளம் இருந்தது. அரங்கில் லேசான சிரிப்பு. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், நான் சிரித்தது என் தாத்தாவைப் பார்த்து என்பது உறைத்தது.

தாத்தா அன்றைக்கு நடுரோட்டில் நின்றவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு 16 வயது. வெல்ட் கீ கரையோரம் ஒரு கிடங்கில் மூட்டை எண்ணும் வேலை. தொங்கான் என்ற சரக்குப் படகிலிருந்து பலகை வழியாக மூட்டை தூக்கி வருகிற ஆள், கிடங்கு வாசலில் நிற்கும் பையனைத் தாண்டும்போது அவன் கையில் ஒரு மூங்கில் குச்சியைக் கொடுத்துவிட்டு உள்ளே போவார். ஒரு மூட்டைக்கு ஒரு குச்சி. சாயங்காலம் குச்சிகளை எண்ணினால் கணக்கு வந்துவிடும். ஆனால் தாத்தாவுக்குக் குச்சிமேல் நம்பிக்கை இல்லை. குச்சி கீழே விழும், யாராவது இரண்டு குச்சியாகக் கொடுத்துவிடுவார்கள். அதனால் குச்சியை வாங்கிக்கொண்டே தன் பங்குக்கு ஓர் அட்டையில் கோடும் போட்டுக்கொள்வார். நாலு கோடு, குறுக்கே ஒன்று. சாகும் வரைக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட எத்தனை இலை என்று சொல்லிவிடுவார்.

அந்தக் கதையை அவர் எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எனக்குக் கணக்கில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்து விமானமாக்கி, எங்கள் தலைக்கு மேல் மெதுவாகக் கொண்டுபோவார். "ஒம்பது ஒம்பதா வந்தான்டா. வாத்துக் கூட்டம் மாதிரி, ஒண்ணு முன்னுக்கு, மத்தது ரெண்டு பக்கமும். வெயில்ல மினுமினுன்னு இருந்துச்சி. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். இருபத்தேழு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் எங்க எண்றது? சிலுவாரைப் பிடிச்சிக்கிட்டு ஓடினேன் பாரு!" அந்த இடத்தில் நாங்கள் உருண்டு சிரிப்போம். அவரும் சிரிப்பார். ஒவ்வொரு தடவையும் அதே சொற்கள், அதே இடத்தில் நிறுத்தம், அதே சிலுவார் (கால்சட்டையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்). அவர் வாயாலேயே "வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னோம்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படியிருக்க, அதே சொல்லை மேடையில் வேறொருவர் சொன்னபோது எனக்கு ஏன் சுருக்கென்று தைத்தது? ஒரு மாதமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கரைக் குண்டு

முதலில் விவரம் தெரியாதவர்கள் என்கிற பேச்சை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 8 விடியும் முன்பே மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பான் படை கரையேறிவிட்டது. அதே விடியலில் சிங்கப்பூர்மேல் முதல் குண்டுகள் விழுந்தன. அப்போது அந்த ஊரில் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. 61 பேர் இறந்தார்கள். கீழைநாடுகளிலேயே பெரிய கோட்டை என்று பெயர் வாங்கிய ஊரில், விமானம் வருகிறது என்று தெரிந்தும் விளக்கை அணைக்க ஆளில்லை. அந்த விளக்குகளை எரியவிட்டவர்களை விவரம் தெரியாத சனங்கள் என்று நம் கூட்டங்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பட்டம் கடைத்தெருவில் நின்றவனுக்குத்தான்.

பினாங்கின் கதை கொஞ்சம் வேறு. பினாங்குத் தீவின் நகரமான ஜார்ஜ் டவுன் கரையில் நின்று பார்த்தால் எதிரே பட்டர்வொர்த் தெரியும். நடுவில் இரண்டு மூன்று கிலோமீட்டர் கடல், அவ்வளவுதான். பிரிட்டிஷ்காரர்களின் விமானத்தளம் அந்தக் கரையில் இருந்தது. 9ஆம் தேதியே ஜப்பான் விமானங்கள் அதை அடித்துவிட்டன. சயாம் (தாய்லாந்து) பக்கம் போய்க் குண்டு போடுவதற்காகக் கிளம்பிக்கொண்டிருந்த பிளென்ஹைம் விமானங்கள் தரையிலேயே மாட்டிக்கொண்டன. ஒன்றே ஒன்றுதான் மேலே எழும்பித் தப்பித்தது. அதை ஓட்டிய ஆர்தர் ஸ்கார்ஃப் தனியாகவே போய்க் குண்டு போட்டுவிட்டு, உடம்பெல்லாம் காயத்தோடு அலோர் ஸ்டார் பக்கம் விமானத்தை இறக்கி, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவருக்குப் பின்னால் விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். கரையில் இருந்தவர்களுக்கு இந்த விவரமெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: விமானம் வந்தது, அக்கரையில் குண்டு விழுந்தது, புகை எழுந்தது, விமானம் திரும்பிப் போய்விட்டது.

இப்போது 11ஆம் தேதி முற்பகலுக்கு வருவோம். வியாழக்கிழமை, வேலைநாள். வானத்தில் சத்தம் கேட்கிறது. இரண்டு நாள் முன்பு அக்கரையில் குண்டு போட்டவன் இன்றைக்கும் அக்கரைக்குத்தானே வருவான்? இக்கரையில் விமானத்தளம் இல்லை, விமானத்தைச் சுடும் பீரங்கி ஒன்றுகூட இல்லை. இங்கே இருந்ததெல்லாம் அரிசி, பாக்கு, கொப்பரை, கடன் பத்திரம். ஒரு கிடங்குப் பையனுக்கு இதைவிட நியாயமான கணக்கு எப்படி வந்திருக்கும்? தாத்தாவும் அவரோடு நின்றவர்களும் தப்பாகத்தான் கணக்குப் போட்டார்கள். ஆனால் கணக்குப் போடவில்லை என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. வருவது யாருடைய விமானம் என்பதே பலருக்குக் குழப்பம். 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் 2ஆம் தேதிதான் சிங்கப்பூர் வந்து சேர்ந்திருந்தன. இனிக் கவலையில்லை என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. அந்த இரண்டையும் 10ஆம் தேதி குவாந்தான் கடற்பக்கம் ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்துவிட்டன. அதாவது தாத்தா வானத்தைப் பார்த்து நின்ற காலைக்கு முந்தின நாள். ஜப்பான்காரனுக்குக் கண் சிறியது, இருட்டில் பார்வை தெரியாது, அவன் விமானம் தகரமும் மூங்கிலும் என்றெல்லாம் துரைமார் பேசுவதை கிடங்குக் கணக்கப்பிள்ளை கேட்டுவந்து சொல்வாராம். அந்தப் பேச்சின்படி பார்த்தால் இவ்வளவு ஒழுங்காக ஒன்பது ஒன்பதாகப் பறந்து வருவது ஜப்பானாக இருக்க முடியாது. "நம்மாளுதான்" என்று கணக்கப்பிள்ளை சொல்ல, தாத்தா எண்ண ஆரம்பித்திருக்கிறார். எத்தனை வந்திருக்கிறது என்று தெரிந்தால் தைரியமாக இருக்குமே.

விழுந்த இடம் ஊரிலேயே நெருக்கமான பகுதி. சூலியா தெரு, அதைச் சுற்றிய சீனக் கடைவரிசைகள், கரையோரம். குண்டு போட்டுவிட்டுத் தாழப் பறந்து இயந்திரத் துப்பாக்கியாலும் சுட்டார்கள். கடைவீடு என்றால் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழே கடை, மேலே பலகைத் தளம், அதில் தடுப்புத் தடுப்பாக ஏழெட்டுக் குடும்பம், மேலே ஓடு. முன்னால் அஞ்சடி, அதாவது கூரை போட்ட ஐந்தடி நடைபாதை. சத்தம் கேட்டதும் எல்லாரும் ஓடி அஞ்சடிக்குள்தான் நுழைந்திருக்கிறார்கள். அஞ்சடி வெயிலுக்கும் மழைக்கும் கட்டியது. வீட்டுக்குள் இருந்தவர்கள்மேல் வீடே விழுந்தது, விழாத வீடு பற்றி எரிந்தது. வேடிக்கை பார்த்ததால் செத்தார்கள் என்று சொல்வதில் எனக்குள்ள கோபம் இங்கேதான் வருகிறது. பார்க்காமல் இருந்திருந்தால் எங்கே போயிருப்பார்கள்? பதுங்கு குழி தோண்டி வைத்துவிட்டு, சங்கு ஊதி, வாருங்கள் என்று கூப்பிட்டு, அதற்கப்புறமும் ரோட்டில் நின்றிருந்தால் திட்டலாம்.

பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 23 அன்று ரங்கூனிலும் இதேதான் நடந்தது. அங்கேயும் கூட்டம் கூட்டமாகத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அந்த ஊரில் பாதிக்குமேல் இந்தியாவிலிருந்து போன நம் சனம், துறைமுகக் கூலிகள் பெரும்பாலும் அவர்கள்தான். அங்கே செத்தவர்களுக்கும் வரலாறு எழுதியவர்கள் அதே சான்றிதழைத்தான் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் பாருங்கள். 1940 கோடையில் இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் வயல்வெளிகளில் நின்று சனங்கள் விமானச் சண்டையைப் பார்த்தார்கள். டோவர் குன்றின்மேல் பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்து பார்த்து எழுதினார்கள். அதை யாரும் அறியாமை என்று சொல்லவில்லை, கலங்காத நெஞ்சு என்றார்கள். வானம் ஒன்றுதான், கழுத்தும் ஒரே மாதிரிதான் வளைந்திருக்கும்.

இருட்டில் போனவர்கள்

அதற்கடுத்த நாட்களைப் பற்றித் தாத்தா அதிகம் சொல்லமாட்டார். ஊர் காலியானது. கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஆயர் ஈத்தாம் பக்கமும் தண்ணீர்மலைப் பக்கமும் மலையைத் தாண்டி பாலிக் பூலாவுக்கும் நடந்தார்கள். மறுநாளும் விமானம் வந்தது. தீயை அணைக்க ஆளில்லை, பிணம் எடுக்க ஆளில்லை, கடைகளில் கொள்ளை. மழைக்காலம் வேறு. தாத்தாவின் அம்மா தண்ணீர்மலைக்கு இரண்டு பிள்ளைகளோடு போய்விட்டார். தாத்தா கிடங்கிலேயே இருந்தார். சாவி தன் கையில் இருந்ததால் இருந்தேன் என்பார். 16 வயதுப் பையனிடம் யார் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடினார்கள் என்று இப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

13ஆம் தேதி இரவு வெள்ளைக்காரப் பெண்களையும் பிள்ளைகளையும் சத்தமில்லாமல் படகேற்றினார்கள். மூன்று நான்கு நாளில் மிச்சமிருந்த அதிகாரிகளும் படையும் அதே மாதிரி இருட்டில் கிளம்பிவிட்டார்கள். போகிற படகில் சீனருக்கோ மலாய்க்காரருக்கோ நமக்கோ இடமில்லை. சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கு மக்களைக் காலி செய்து பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டோம் என்கிற பொருள்பட வானொலியில் பேசியதை, காலியாகாத மக்கள் பினாங்கில் உட்கார்ந்து கேட்டார்கள். அந்த இரவுகளில் யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்பதற்காகத்தானே அவர்கள் இரவில் போனது.

விட்டுவிட்டுப் போனவர்கள் கோட்டைக் கொடிக்கம்பத்தில் தங்கள் கொடியை இறக்க மறந்துபோனார்கள். கொடி பறக்கும்வரை மேலிருந்து பார்ப்பவனுக்கு இது எதிரியின் ஊர். அதை இறக்கியவர் ஒரு தமிழர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர், கொழும்பின் முதல் மேயர் ரத்னசோதி சரவணமுத்துவின் சகோதரர். ஊரில் மிஞ்சியிருந்த நாலைந்து சமூகப் பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒழுங்கை நிலைநிறுத்தப் பார்த்தவர். கார்ன்வாலிஸ் கோட்டையில் யூனியன் ஜாக்கை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றினார். இங்கே படை எதுவும் இல்லை, குண்டு போடாதீர்கள் என்று பினாங்கு வானொலியிலும் சொல்லவைத்தார். அப்புறம் குண்டு விழவில்லை. 19ஆம் தேதி ஜப்பான்காரர்கள் நடந்தே ஊருக்குள் வந்தார்கள். அந்த ஒரு வாரத்தில் மேலே இருந்து பார்ப்பவனுக்கு இந்த ஊர் எப்படித் தெரியும் என்று யோசித்த ஆள் இவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றும். பள்ளிக்கூடத்தில் எனக்கு இந்தப் பெயரை யாரும் சொல்லித்தரவில்லை.

பாட்டியும் பார்த்தார்

இதற்குப் பாட்டியிடம் ஒரு பின்கதை உண்டு. தாத்தாவின் கதைக்கு நாங்கள் சிரிக்கும்போதெல்லாம் அவர் கீரை ஆய்ந்துகொண்டே, "இவரு பார்த்தது ஒரு தடவை. நான் பார்த்தது ரெண்டாவது ஆட்டம்" என்பார். 1945. ஜப்பான்காரன் காலத்தின் கடைசி வருஷம். மரவள்ளிக்கிழங்கு, ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டு, ஆள்பிடித்து சயாம் ரயில் ரோட்டுக்கு அனுப்பியது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. பினாங்கு துறைமுகம் ஜப்பான் நீர்மூழ்கிகளோடு ஜெர்மன்காரர்களின் நீர்மூழ்கிகளும் வந்து நின்ற இடம். அதனால் இந்த முறை குண்டு போட வந்தவர்கள் நேசநாட்டார். பிப்ரவரி 1ஆம் தேதி அமெரிக்காவின் பி-29 விமானங்கள் வந்தன.

பாட்டிக்கு 14 வயது. மூன்று வருஷத்துக்கு முன் கழுத்து வளைத்துப் பார்த்தவர்களின் கதி என்ன என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். இப்போது யாரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ஆனாலும் பார்த்தார்கள். "ரொம்ப ஒசரத்துல, வெள்ளி மாதிரி. சத்தம் பின்னால வருது, பிளேன் முன்னால போகுது. எங்க ஆத்தா உள்ள வாடி உள்ள வாடின்னு கத்துறாங்க. நான் போகல. பக்கத்து வீட்டுச் சீனத்தி கை தட்டுறா. எதுக்குத் தட்டுறன்னு கேட்டா, சத்தம் வராம தட்டிக் காமிக்கிறா, ஜப்பான்காரன் பார்த்துருவான்னு." அவர்களுக்கு அது விடுதலை வருகிற சத்தம். அந்த வருஷம் விழுந்த குண்டுகளில் கோட்டைப் பக்கம் அரசாங்க அலுவலகக் கட்டடங்கள் போயின, செயின்ட் சேவியர்ஸ் பள்ளிக்கூடம் தரைமட்டமானது. மீட்க வந்தவனின் குண்டு ஆள் பார்த்து விழவில்லை.

ஒருநாள் பாட்டியிடம் கேட்டேன், பயமாக இல்லையா, தெரிந்துகொண்டே ஏன் வெளியே நின்றீர்கள் என்று. கீரைத்தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "உள்ள இருந்தா மட்டும்? என்ன நடக்குதுன்னு தெரியாமயே சாகணுமா?" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை, உப்பு எடுத்துவரச் சொன்னார். ஆகாயத் தாக்குதலைப் பற்றி நான் படித்த எதிலும் இந்த ஆசையை யாரும் சரியாகச் சொல்லிப் பார்த்ததில்லை. நம் தலைமேல் நடப்பதில் நம் பங்கு எதுவுமே இல்லை. தடுக்க முடியாது, திருப்பி அடிக்க முடியாது, ஓடினால் எந்தப் பக்கம் என்று தெரியாது. செய்யக்கூடியதாக மிஞ்சுவது பார்ப்பது ஒன்றுதான். அதையும் செய்யாதே என்றால் எப்படி? வேடிக்கை என்ற சொல்லே நமக்கு இரண்டு அர்த்தத்தில் ஓடுகிறது. விளையாட்டும் வேடிக்கை, எரிகிற வீட்டைக் கை கட்டிப் பார்ப்பதும் வேடிக்கை. மேடையில் இருந்தவர் எந்த அர்த்தத்தில் சொன்னாரோ. பாட்டி பார்த்ததற்கு இந்த இரண்டும் பொருந்தவில்லை.

மேல்தட்டில்

1986ஆக இருக்கும், எனக்கு 14 வயது. பினாங்குப் பாலம் திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எல்லாருக்கும் பாலத்தில் போகப் பைத்தியம். தாத்தா மட்டும் ஃபெர்ரியை விடவில்லை. பட்டர்வொர்த்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்துக்குப் போய்விட்டு இரண்டு பேரும் திரும்பிக்கொண்டிருந்தோம். மேல்தட்டில் பலகை இருக்கையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஜார்ஜ் டவுன் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது. அவர் வேலை பார்த்த கிடங்கு இருந்த வரிசை, மணிக்கூண்டு, பின்னால் மலை. எனக்கு என்ன தோன்றியதோ, கதையின் பழைய இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இருபத்தேழுக்கு அப்புறம் என்ன தாத்தா? சிலுவாரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன் என்று சொல்வார், சிரிக்கலாம் என்று காத்திருந்தேன்.

"அப்புறமும் எண்ணினேன்" என்றார். "பிளேனை இல்ல."

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கணக்கப்பிள்ளை திரும்பி வந்திருக்கிறார். கூடவே ஒரு லோரி, அதில் நாலைந்து ஆட்கள், வாய் மூக்கெல்லாம் துணி கட்டிக்கொண்டு. சுண்ணாம்பு மூட்டை இருந்ததாம். நகரசபை ஆட்கள் எல்லாரும் ஓடிப்போயிருந்ததால் கடைக்காரர்கள் தாங்களாகவே சேர்ந்து பிணம் எடுக்கக் கிளம்பியிருக்கிறார்கள். எத்தனை ஏற்றினோம் என்று ஒரு கணக்கு இருக்கட்டும், பின்னால் யாராவது கேட்பார்கள், இந்தப் பையன் கோடு போடுவான் என்று கணக்கப்பிள்ளை சொல்ல, தாத்தாவை லோரியில் ஏற்றிவிட்டார்கள். பழைய சிகரெட் அட்டை ஒன்றும் பென்சிலும். அவர் எப்போதும் செய்கிற வேலைதான். ஏறினால் ஒரு கோடு, நாலுக்குக் குறுக்கே ஒன்று.

"முழுசா இருந்தா பரவால்ல. முழுசா இல்லாததை எப்படிப் போடுறதுன்னு கேட்டேன். கணக்கப்பிள்ளை கொஞ்ச நேரம் யோசிச்சாரு. தலை இருந்தா ஒண்ணுன்னு போடுடான்னாரு. அதனால நான் தலையை மட்டும்தான் பார்த்தேன். வேற எதையும் பார்க்கல." கையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ மூட்டைக் கணக்கில் வந்த தகராறை எப்படித் தீர்த்தோம் என்று விளக்குவது போலச் சொன்னார். குரல் மாறவில்லை. ஃபெர்ரியின் தளம் அதிர்ந்துகொண்டிருந்தது. கீழ்த்தட்டில் யாரோ வண்டி ஹார்னை அடித்தார்கள்.

இரண்டு நாள் அந்த லோரியில் போயிருக்கிறார். மூன்றாம் நாள் அம்மா தண்ணீர்மலையிலிருந்து ஆள் அனுப்பி அவரை வரவழைத்துவிட்டார். அட்டையை யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "யாரும் கேக்கல. கணக்கப்பிள்ளையும் மறந்துட்டாரு. சிலுவார் பையிலேயே கெடந்துச்சி. தண்ணீர்மலைக்குப் போனதும், நாத்தம் தாங்கலன்னு எங்கம்மா சிலுவாரைக் கழட்டச் சொல்லி ஓடையில போட்டு அடிச்சித் துவைச்சிட்டாங்க. பையில கை விட்டுப் பார்த்தேன். கூழு." எத்தனை என்று கேட்கப் போனேன். வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். எண் அவருக்குத் தெரியும் என்று தெரிந்தது. பந்தியில் இலையை எண்ணிச் சொல்கிறவர், இதை மறந்திருப்பாரா? நான் கேட்கவில்லை. அவர் 1999இல் இறந்தார். அதுவரைக்கும் கேட்க எனக்குப் பதிமூன்று வருஷம் இருந்தது.

வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த தீபாவளிக்குச் சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தபோது வழக்கம்போலக் கதை நடந்தது. உள்ளங்கை விமானமானது, வாத்துக் கூட்டம் வந்தது, இருபத்தேழு வந்தது, "சிலுவாரைப் பிடிச்சிக்கிட்டு ஓடினேன் பாரு" வந்தது. பிள்ளைகள் உருண்டார்கள். தாத்தா சிரித்தார், சிரித்துக்கொண்டே என் பக்கம் ஒருமுறை பார்த்தார். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததும் போன மாதம் அந்த அரங்கில் சிரித்ததும் ஒன்றா என்றுதான் எனக்குத் தெரியவில்லை. தாத்தாவின் சிலுவார் வேடிக்கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்தும் அரங்கில் சிரித்தேன். பேசியவர்மேல் எனக்கு இனி ஒன்றும் கோபமில்லை.

ஃபெர்ரியில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தோம். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்குவதற்காக ஒரு விமானம் கடலுக்கு மேலே தாழ்ந்து வந்தது. மேல்தட்டில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். ஒரு சின்னப் பெண் அப்பாவின் தோளில் இருந்தபடி கை நீட்டிக் காட்டினாள். நான் தாத்தாவைப் பார்த்தேன். அவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது மலைப்பக்கம் திரும்பி மறையும் வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணு" என்றார். அப்புறம் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு, இறங்கும் வரிசையில் போய் நின்றார்.